இரண்டே மைக்ரான்

கோவையில், அவினாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தக் கொட்டகை. முன்பு லேத் பட்டறை. இப்போது சுவருக்கு வெள்ளை, தரைக்கு எபாக்ஸி, கூரை முழுக்க எல்இடி குழல்கள். நடுவில் கருப்பு போர்ஷே 911 ஒன்று நின்றது. வாசலில் நின்று பார்த்தவரை அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து வந்தது என்றால் நம்பியிருப்பேன்.

"கொஞ்சம் இருங்ணா, காட்டறேன்" என்று கூரை விளக்குகளை அணைத்தார் அந்தக் கடையை நடத்தும் இளைஞர். உள்ளங்கையில் அடங்கும் டார்ச் ஒன்றை முன்மூடிக்கு மேல் பிடித்தார். வெளிச்சம் விழுந்த புள்ளியைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக எழுந்தன. டார்ச்சை நகர்த்தினார், வலையும் கூடவே நகர்ந்தது. கதவு, கூரை, பின் சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் அந்த அழகான தோள், எங்கே பிடித்தாலும் வலை.

"ரோட்டுல பட்டது இதுல பத்துல ஒண்ணுகூட இருக்காதுங்ணா. மிச்சமெல்லாம் தொடச்சது."

காரின் சொந்தக்காரர் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்பவர். நாலு வருஷமாக இந்த வண்டியைப் பிள்ளைபோல் வைத்திருக்கிறார். தினமும் காலையில் டிரைவர் ஒரு சுற்றுத் துடைத்த பிறகுதான் வெளியே எடுப்பார்கள். துணிக்கும் பஞ்சமில்லை; கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். கீறியது பஞ்சு இல்லை, பஞ்சுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் சிக்கிய தூசி. தெருத் தூசியில் பெரும்பகுதி பொடிந்த கல். அதிலிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் மேல்பூச்சோ ஒரு வகை பிளாஸ்டிக். தண்ணீர் இல்லாமல் துணியை அழுத்தி இழுத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்த டார்ச் காட்டியது.

இந்த வட்டங்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வட்டமாகத் துடைத்தால் வட்டக் கீறல் விழும், நேராகத் துடைத்தால் விழாது என்று பல டிரைவர்கள் நம்புகிறார்கள். வீட்டில் பல வருஷம் துலக்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை ஒற்றை பல்புக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி இதே வட்டங்கள் தெரியும். தட்டைச் சுழற்றினாலும் வட்டங்கள் பல்பை விட்டு அகலாது. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சம் வரும் வழிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன; மற்றவை இருட்டிலேயே கிடக்கின்றன. அந்தக் குறுக்குக் கோடுகள் ஒன்றுசேர்ந்துதான் வட்டமாகத் தெரிகின்றன. ஆக, நேராகத் துடைத்தாலும் தூசி தூசிதான், கீறல் கீறல்தான்.

அந்த வலையைக் களையும் வேலையை மூன்று நாள் கூடவே இருந்து பார்த்தேன். டீடெய்லிங், பெயின்ட் கரெக்‌ஷன் என்று பெரிய பெயர்களில் விளம்பரம் வரும் இந்தத் தொழிலை, பணம் இருப்பவர்களின் ஆடம்பரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்று நாளில் நான் கண்டது சிக்கனத்தின் உச்சம்.

இளைஞருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய அப்பா வெட் கிரைண்டர் டிரம்களுக்கு பஃபிங் போடும் பட்டறை வைத்திருந்தவர். பஃபிங் சக்கரத்தின் சத்தத்தில்தான் வளர்ந்திருக்கிறார். "அப்பா கிட்ட கத்துக்கிட்டதுல பாதியை இங்க மறக்க வேண்டியதாப் போச்சுங்ணா. எவர்சில்வர்ல தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு கூடும். அதுக்கு ஒரு மில்லிமீட்டர் தகடு இருக்குது. இங்க அப்படித் தேய்ச்சா பெயின்ட்டே இருக்காது."

எவ்வளவு இருக்கிறது? காருக்குப் பூசியிருப்பது ஒரே பூச்சு கிடையாது. உலோக உடலை முதலில் மின்சாரம் பாயும் தொட்டியில் முக்கி எடுத்து, துருப் பிடிக்காத அடிப்பூச்சு ஏற்றுகிறார்கள். சுமார் 20 மைக்ரான். அதன்மேல் பிரைமர், 30 மைக்ரானை ஒட்டி. அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட். பெரும்பாலும் 15, 20 மைக்ரான்தான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட், 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒன்றரைக் கோடிக்கு மேல் விலை போகும் காரின் மினுமினுப்பு மொத்தமும் ஒரு மயிரிழையைவிட மெல்லிய கிளியரில் இருக்கிறது.

கீறல்களும் அந்தக் கிளியரில்தான் இருக்கின்றன. அவற்றைப் பாலிஷ் 'போட்டு' நிரப்புவதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். நல்ல பாலிஷ் எதையும் போடுவதில்லை, எடுக்கிறது. கீறலின் அடிமட்டம் எங்கே இருக்கிறதோ அதுவரைக்கும் சுற்றியுள்ள மேட்டை இறக்கினால் பள்ளம் மறைந்துவிடும். வயலைச் சமன் செய்கிற வேலைதான், ஆனால் வயலின் ஆழம் 40 மைக்ரான். மேட்டை இறக்கிய மண் திரும்பி வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனங்களும் இந்தக் கிளியரில்தான் கலந்திருக்கின்றன. அதைத் தேய்த்தே மெலியவிட்டால் சில வருஷத்தில் கூரையும் முன்மூடியும் வெளுத்து, பாம்பு சட்டை உரிப்பதுபோல் கிளியர் உரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எந்தப் பாலிஷும் கைகொடுக்காது. மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

நம் ஊரில் ஏன் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாமல் போனது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1923இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்குப் பெயின்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோ அதைச் சில மணி நேரமாகக் குறைத்தது. அந்தப் பெயர் நம் பட்டறைகளில் இன்றைக்கும் வாழ்கிறது. கட்டிலுக்கும் கதவுக்கும்கூட 'டூகோ அடிச்சது' என்று சொல்லும் ஆசாரிகளைப் பார்க்கலாம். அந்த வகைப் பெயின்ட்டில் தனியாகக் கிளியர் கிடையாது. நிறமே பல கோட்டுகளாகக் கனமாக ஏறியிருக்கும். வெயிலில் மங்கினால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, மங்கிய தோலை எடுத்துவிட்டால் உள்ளே புது நிறம் எழும். அம்பாசிடர் காலத்தில் வருஷத்துக்கு ஒரு ரப்பிங் என்பது சரியான வைத்தியம். பெயின்ட் மாறிவிட்டது. வைத்தியம் மட்டும் மாறாமல் தொடர்கிறது.

அதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு, வாட்டர் வாஷுக்கு விட்ட இடத்தில் 'சும்மா ஒரு ரப்பிங் போட்டுத் தர்றோம் சார்' என்றார்கள். வண்டி பளபளவென்று வந்தது. மூன்றாவது முறை கழுவியபோது பளபளப்பு போய், முன்மூடியின் விளிம்பு நெடுகிலும் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் பிரைமர் தெரிந்தது. மெஷின் விளிம்பைத் தின்றிருந்தது. பளபளப்பு என்று நான் பார்த்தது கீறல்களில் தங்கியிருந்த எண்ணெய். அதைப் பற்றிக் கேட்கப் போனபோது, பெயின்ட் சரியில்லை சார் என்றுதான் பதில் வந்தது. அந்த விளிம்பு ஏன் போனது என்பது இந்தக் கொட்டகைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஈரமான பெயின்ட் விளிம்புகளிலிருந்து உள்வாங்கிக்கொள்ளும். எந்தக் காருக்கும் ஓரங்களில்தான் பூச்சு மிகக் குறைவு. மெஷினின் அழுத்தமும் சூடும் ஒருங்கே குவிவதும் அதே ஓரத்தில்தான்.

முதல் நாள் பாதிக்கு மேல் கழுவுவதிலேயே போனது. ஒரு கார் கழுவ நாலு மணி நேரமா என்று கேட்டால், ஆம். முதலில் துணி படாமல் தண்ணீர்ப் பீச்சல், பிறகு நுரை. சவரம் செய்யும் முன் முகத்தில் நுரை ஊறுவதுபோல் ஐந்து நிமிஷம் ஊறி, தூசியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அடுத்து இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர், அடியில் சல்லடைத் தட்டு. கையுறை காரைத் தொட்டுவிட்டு வந்ததும் முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணைக் கழித்த பிறகே ஷாம்பு வாளிக்குப் போகும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. ஒரு மைக்ரோஃபைபர் துணி கை தவறித் தரையில் விழுந்தது. உதவிக்கு இருந்த பையன் எடுத்து உதறப் போனான். "வேண்டாம்டா, அது போச்சு" என்று வாங்கித் தூர எறிந்தார். தரையில் விழுந்த துணி அன்றைக்குக் காரைத் தொடக் கூடாது. துவைத்த பிறகுதான் வரலாம்.

கழுவி முடித்த காரின்மேல் அவர் ஒரு திரவத்தைத் தெளித்தார். இரண்டு நிமிஷத்தில் கருப்புக் காரில் கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக வழிய ஆரம்பித்தது. பார்க்கச் சற்று அச்சமாகவே இருந்தது. அந்தத் திரவம் இரும்புத் துகளைத் தேடிப் பிடித்து அதனோடு வினைபுரிந்து நிறம் மாறுகிறது. பிரேக் போடும்போதெல்லாம் டிஸ்க்கிலிருந்து சூடாகத் தெறிக்கும் பொடி பெயின்ட்டில் ஒட்டி உட்கார்ந்துவிடும். ஃபவுண்டரியும் கிரைண்டிங் பட்டறைகளும் நிறைந்த கோவையில் காற்றிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கிறது. "கணபதி, பீளமேட்டுப் பக்கம் நிக்கற வண்டிகள்ல இன்னும் ஜாஸ்தியா வழியுமுங்ணா" என்றார். இதிலும் போகாததை எடுக்க களிமண்போல் பிசையும் ஒரு பசை, கிளே. வழுக்கும் திரவம் தெளித்து அதை மெதுவாக ஓட்டும்போது சரசரவென்று கையில் தட்டும்; தட்டுவது நின்றால் அந்த இடம் சுத்தம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் கோவையில் எதைப் பற்றியும் எழுத முடியாது. இந்தக் கடையில் கழுவுவதற்குப் போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு மட்டும் உப்பு நீக்கிய தண்ணீர். போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்பு வட்டமாகத் தங்கிவிடும், நாள்பட்டால் கிளியரையே அரித்துப் பள்ளமாக்கும். முன்பெல்லாம் வீட்டில் சிறுவாணித் தண்ணீரில் கழுவிய வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு என்று நினைவுகூர்ந்தார். அது மென்னீர் என்பது உண்மைதான். குடிக்கவே போதாத தண்ணீரை இன்று யாரும் காருக்கு ஊற்ற வேண்டாம்.

சாயங்காலம் அளவெடுத்தார். கைபேசி அளவுக்கு ஒரு கருவி. பூச்சின்மேல் வைத்தால் கனத்தைச் சொல்லும். இரும்புத் தகடு என்றால் காந்தப் புலத்தையும், அலுமினியம் என்றால் சுழல் மின்னோட்டத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. இந்தத் தலைமுறை 911இன் வெளித்தோல், முன் பின் பகுதிகள் தவிர, கிட்டத்தட்ட முழுக்க அலுமினியம். பிளாஸ்டிக் பம்பரில் கருவி ஊமை. அங்கே அனுபவமும் விரலும்தான். கதவு, கூரை என ஒவ்வொரு பலகைக்கும் ஒன்பது இடம் வீதம் படித்துச் சொல்லச் சொல்ல, பையன் மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டினான். 124, 128, 126, 131. கூரையில் 119. இடது கதவில் வைத்தபோது கருவி 243 காட்டியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவு ஒருமுறை பெயின்ட் வாங்கியிருக்கிறது. சொந்தக்காரருக்கு இது தெரியாது. இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. அவரிடம் அன்றிரவே தொலைபேசியில் சொன்னார், ஒளிவுமறைவு இல்லாமல். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் என்ஜின் சத்தம் கேட்பதற்கு முன் இந்தக் கருவியைக் கையில் எடுப்பது இதற்காகத்தான்.

கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அது மொத்தக் கனத்தைத்தான் சொல்லும். அதில் கிளியர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 126இல் கிளியர் 45ஆ, 35ஆ? தெரியாமல்தான் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் கை நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்வார்கள் இந்தத் தொழிலில்.

இரண்டாம் நாள் காலை. முன்மூடியின் ஒரு மூலையில் அரையடிக்கு அரையடி டேப் ஒட்டிச் சதுரம் கட்டினார். டெஸ்ட் ஸ்பாட். என்னைப் பொறுத்தவரை இந்த மூன்று நாளின் உயிரே அந்தச் சதுரத்தில் இருக்கிறது. எல்லாக் கிளியரும் ஒன்றுபோல் இருக்காது. சில ஜப்பானியக் கார்களில் நகம் பட்டாலே கோடு விழும் மென்மை. சில ஜெர்மன் கார்களில் மணிக்கணக்கில் தேய்த்தாலும் அசையாத கடினம். அது எந்த ரகம் என்று பெயின்ட்டிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிற முறையில் ஒரு நாகரிகம் இருக்கிறது. முதலில் இருப்பதிலேயே மென்மையான ஸ்பாஞ்ச் பேட், இருப்பதிலேயே நயமான பாலிஷ். நாலு முறை ஓட்டி, துடைத்து, டார்ச் பிடித்தார். வலை பாதி போயிருந்தது. பேட் அதேதான், பாலிஷை மட்டும் ஒரு படி ஏற்றினார். முக்கால்வாசி போனது. பாலிஷ் அதே, பேட் ஒரு படி கடினம். நூற்றுக்குத் தொண்ணூறு போய்விட்டது. அங்கங்கே நாலைந்து ஆழமான கோடுகள் மட்டும் நின்றன. கருவியை வைத்தார். 127 இருந்த இடத்தில் 125.

இன்னும் ஒரு படி ஏற்றினால் அந்த நாலைந்தும் போகும்தானே என்றேன்.

"போகுமுங்ணா. ஆனா அதுக்கு இன்னும் நாலு மைக்ரான் கேக்கும். அந்தக் கோடு கண்ணுக்கு மட்டும்தான் தொந்தரவு. நாலு மைக்ரான் வண்டிக்குத் தொந்தரவு." ஒரு கோட்டின்மேல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிக் காட்டினார். நகம் லேசாக இடறியது. நகம் இடறும் கீறலைப் பாலிஷில் எடுக்க நினைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பால பாடம். அதன் முனைகளை மட்டும் மழுக்கிவிட்டால் வெளிச்சத்தைத் தெறிக்காமல் அடங்கிக் கிடக்கும்.

ஒரு கீறலை விட்டுவைப்பது என்று முடிவெடுப்பவரே நல்ல கைவினைஞர் என்று அந்தச் சதுரத்துக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது. நூறு சதம் கீறல் நீக்கம் என்று உறுதி தருகிற விளம்பரங்களை அதன் பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

அன்று பகல் முழுக்க மெஷின். இரண்டு வகை உண்டு. ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுற்றுவது. வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும். பழகாத கையில் வெயிலில் மட்டும் தெரியும் அலையலையான தடங்களை விட்டுச்செல்லும். ஹாலோகிராம் என்று அவற்றுக்குப் பெயர். இன்னொன்று, பம்பரம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தரையிலும் வட்டமடிப்பதுபோல் இரண்டு அசைவும் சேர்ந்தது. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மில்லிமீட்டர் வீச்சில் செய்யும் இந்த வகை மெஷின்கள் டீடெய்லிங் கடைகளில் பரவலாகப் புழங்குகின்றன. ஒரே இடத்தில் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடாததால் சூடு குறைவு, தடமும் விழாது. இந்தக் கடையிலும் அதுதான்.

பாலிஷில் இருப்பது அலுமினியம் ஆக்சைடுப் பொடி. பேட்டில் பட்டாணி அளவு நாலு பொட்டு. இரண்டடிக்கு இரண்டடி இடம். முதலில் வேகமில்லாமல் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, உழவன் சால் விட்டு சால் பிடிப்பதுபோல் ஒன்றின்மேல் பாதி ஒன்று விழ நெடுக்கில் ஓட்டி, அப்புறம் குறுக்கில். கை நகரும் வேகம் விநாடிக்கு ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். நாலு சுற்று முடிந்ததும் பேட்டைக் காற்றழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்வார். பேட்டில் சேர்வது தேய்ந்த கிளியரும் பழைய பாலிஷும்தான், அதையே திரும்பத் தேய்த்தால் புதுக் கீறல் விழும். அன்றைக்கு மட்டும் பதினாறு பேட் மாற்றினார்கள். நடுநடுவே அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்துப் பார்ப்பார். அலுமினியம் சூட்டைச் சட்டென்று கடத்திவிடும். பிளாஸ்டிக் பம்பர் கடத்தாது, சூடு அங்கேயே தங்கிக் கிளியரைக் குழைத்துவிடும். பம்பருக்கு வந்ததும் மெஷின் வேகத்தை அவர் பாதியாக்கியதன் காரணம் அதுதான். தோளும் மணிக்கட்டும் மரத்துப்போகிற வேலை. மெஷினை வைத்துவிட்டுக் கையை உதறியபடி டீ குடித்த பத்து நிமிஷம் தவிர அவர் ஓயவே இல்லை.

911 மெஷினுக்கு வசதியான வண்டியும் இல்லை. சமதளம் என்று ஓரிடம்கூடக் கிடையாது, எல்லாம் வளைவு. வளைவில் பேட்டின் ஒரு பகுதிதான் படும், அழுத்தம் அங்கே கூடும். என்ஜின் மூடியில் செங்குத்தாக நிற்கும் பட்டைகளுக்கு நடுவே மெஷின் நுழையாது. அவற்றை விரலில் துணி சுற்றி ஒவ்வொன்றாகக் கையாலேயே தேய்த்தார்கள், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து. பின் சக்கரத்துக்கு முன்னால் தோள் அகன்று நிற்கும் இடம் முன் சக்கரம் வாரி அடிக்கும் கல்லையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அங்கே கம்பெனியே ஒளி ஊடுருவும் ஃபிலிம் ஒட்டி அனுப்புகிறது. அதற்கு மெஷின் ஆகாது, டேப் ஒட்டி மறைத்தார்கள். முன்பக்கக் காற்று வாய்களுக்குள் கைவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் மட்கிக் கிடந்த வேப்பிலைகளை ஒரு முறம் அளவுக்கு எடுத்தான் பையன். 911 வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்கத் தவறக் கூடாது. ஈர இலை மட்கி மட்கியே ஏசி கண்டென்சர் அரித்துப்போகும்.

மூன்றாம் நாள் நயப் பாலிஷ். வெட்டும் பாலிஷ் விட்டுச்சென்ற மெல்லிய மூட்டத்தை எடுக்கும் சுற்று இது. அரை மைக்ரான்கூடச் செலவாகாது. கருப்பு கருப்பாவது இந்தச் சுற்றில்தான். முதல் நாள் நான் கருப்பு என்று நினைத்தது சாம்பல் கலந்த கருப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது. கூரைக் குழல் விளக்கு முன்மூடியில் கோடாக விழுந்தது, அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது.

அத்தோடு முடித்துப் பணம் வாங்கிவிடலாம். அவர் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த திரவத்தை எடுத்து வண்டி முழுக்கத் துடைத்தார். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களில் தங்கி அவற்றை ஒளித்துவைக்கும். இரண்டு மூன்று கழுவலில் எண்ணெய் போனதும் கீறல் மறுபடி எழும். எனக்கு நேர்ந்தது அதுதானே. எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டு டார்ச் பிடித்தால் தெரிவதுதான் உண்மையான நிலை. அப்புறம் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய்ப் பத்து மணி வெயிலில் நிறுத்தினார்கள். சூரியனுக்கு எதையும் மறைக்க முடியாது. வலது கதவின் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு மூட்டம் ஒன்று அகப்பட்டது. திரும்ப உள்ளே கொண்டுபோய் அந்த இடத்தை மட்டும் சரிசெய்தார்கள்.

கடைசியாக செராமிக் கோட்டிங். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. தேவைக்கு மேல் பேசப்பட்ட சங்கதி. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம், பெயின்ட்டோடு பிணைந்து ஒரு மைக்ரானை ஒட்டிய தோலாகிறது. தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் விடும், பறவை எச்சம் பட்டவுடன் அரிக்காமல் சற்று நேரம் தாங்கும். அவ்வளவே. விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதை வைரத்தின் கடினத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது தவறு. கல் பட்டால் காக்கப் போவதில்லை, காய்ந்த துணி பட்டாலும் காக்கப் போவதில்லை. கல்லடியிலிருந்து காக்க வேண்டுமானால் பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் ஃபிலிம்தான். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்கப் பிறந்த தொழில்நுட்பம் அது. அதன் கனம் சுமார் 200 மைக்ரான். காரின் மொத்தப் பெயின்ட்டைவிட அதிகம். செலவும் அதற்கேற்ப. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் வண்டிக்கு முகப்பில் மட்டுமாவது ஒட்டுவது நியாயமான செலவு என்பது என் கருத்து. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் சாதாரணக் காருக்கு வேண்டியதில்லை.

சொந்தக்காரர் சாயங்காலம் வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், பேசவில்லை. மறுபடி ஒருமுறை நடந்தார். இளைஞர் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பலகை வாரியாக முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எழுதியிருந்தது. பெரும்பாலான இடங்களில் இரண்டு மைக்ரான் குறைந்திருந்தது, சில இடங்களில் மூன்று. "இந்தத் தாளைப் பத்திரமா வெச்சுக்குங்க. அடுத்து எங்க குடுத்தாலும் இதைக் காட்டாம மெஷின் வெக்க விடாதீங்க. இன்னும் ரெண்டு தடவைக்குத்தான் இதுல இடமிருக்கு, அதுவும் அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவையின்னா" என்றார். அடுத்த பத்து நிமிஷம் அவர் பேசியது சொந்தக்காரரிடம் இல்லை, கூட வந்திருந்த டிரைவரிடம். அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டு, இரண்டு வாளியையும் காட்டி, துணியை எப்படி நாலாய் மடித்து எட்டுப் பக்கமாகப் பயன்படுத்துவது என்று செய்து காட்டினார். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். "இத்தனை நாள் யாரும் சொல்லலீங்களே" என்றார்.

போர்ஷே வைத்திருப்பவர்கள் சிலர்தான். ஆனால் கோவையிலும் சென்னையிலும் ஒவ்வோர் அடுக்ககத்திலும் காலை ஆறு மணிக்கு ஒருவர் கையில் ஒரு துணியோடு பத்துப் பதினைந்து கார்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அரை வாளித் தண்ணீர், அது மூன்றாவது காரிலேயே சேறு. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய் சம்பளம். அவர்மேல் குற்றமில்லை, கொடுத்த பொருளை வைத்துத்தான் செய்கிறார். உங்கள் காருக்கென்று நாலு மைக்ரோஃபைபர் துணியும் இரண்டு வாளியும் வாங்கி அவரிடம் கொடுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று சொல்லுங்கள். அதற்காகச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.